மளிகை பில் ஏறியது, சர்க்கரை இறங்கவில்லை: கடையில் எதைத்தான் வாங்குவது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கிச் சொல்கிறேன்.

அவருக்கு 38 வயது; தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் கணவர் (43), மாமியார் (69), நான்காம் வகுப்புப் படிக்கும் மகன். எட்டு மாதத்துக்கு முன்பு கணவருக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 6.1 என்று வந்தது. "இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசல் வரை வந்துவிட்டது. சாப்பாட்டை மாற்றுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வாசகி தெருமுனை மளிகைக் கடையை விட்டு சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறிவிட்டார். மல்டிகிரெயின் பிஸ்கட், 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' பிஸ்கட், பிரவுன் பிரெட், மசாலா ஓட்ஸ், கினுவா என்ற வெளிநாட்டுத் தானியம், சிறுதானிய நூடுல்ஸ், தேன், நாட்டுச் சர்க்கரை, ஆலிவ் எண்ணெய், மகனுக்கு மால்ட் பானமும் அட்டைப்பெட்டிப் பழச்சாறும், மாமியாரின் பிரஷருக்காக சோடியம் குறைத்த உப்பு என்று பட்டியல் நீள்கிறது. ரேஷன் பாமாயில் ஆகாது என்று அதை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். காய்கறிக்கு மட்டும் பழையபடி வாரம் 250 ரூபாய்தான். மாதம் 7,500 ரூபாயில் முடிந்த செலவு இப்போது 12,000. போன மாதம் மறுபடி பரிசோதித்தால் 6.2.

"இதுக்குத்தான் இவ்வளவு செலவு பண்ணினியா என்று அவர் கேட்கிறார். அத்தையோ, அந்தக் காலத்துல நாங்க எந்த பாக்கெட்டைப் பார்த்தோம் என்கிறார். அத்தைக்கும் ஒரு மாதமாகக் கை கால் அசதி" என்று எழுதியவர் மூன்று கேள்விகள் கேட்கிறார். ஆரோக்கியமாகச் சாப்பிடுவது பணக்காரர்களுக்கு மட்டும்தானா? இனி கடையில் எதை வாங்க வேண்டும்? சர்க்கரை இல்லை என்று சொல்லி ஏமாற்றிய பிஸ்கட் கம்பெனி மீதும், பிரிக்காத பாக்கெட்டைக்கூடத் திரும்ப எடுக்க மறுத்த கடை மீதும் புகார் செய்யலாமா?

சகோதரி, மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த உப்பு

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: மாமியார் பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார், போன வருடம் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.6 இருந்தது. இந்த இரண்டும் உள்ள ஒருவர், டாக்டர் சொல்லாமல் சோடியம் குறைத்த உப்பைத் தொடக்கூடாது. இதைப் படித்த கையோடு அந்த பாக்கெட்டை அடுப்படியிலிருந்து எடுத்துவிட்டு, சாதாரண அயோடின் உப்புக்குத் திரும்பிவிடுங்கள்.

அந்த உப்பில் சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, சுவை குறையாமலிருக்க பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். நன்றாக வேலை செய்யும் சிறுநீரகம் கூடுதல் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். கிரியேட்டினின் ஏறிய சிறுநீரகத்தால் அது முழுதாக முடியாது. போதாததற்கு, டெல்மிசார்டன் வகை மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைப்பவை. எல்லாம் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் தசை தளரும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அத்தையின் அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு என்று வேறு காரணங்களும் இருக்கலாம்தான். ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம். நாளைக்கே அவருடைய டாக்டரிடம் இந்த உப்பு விஷயத்தைச் சொல்லி, பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். படபடப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் நாளை வரைகூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அந்த உப்பே கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே இந்த வகை உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. அந்தப் பரிந்துரையிலிருந்து கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் விலக்கியும் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரே குழம்புதான் நான்கு பேருக்கும்; அதில் இரண்டு பேர் விலக்கப்பட்டவர்கள். பாக்கெட்டின் பின்னால் எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும். முன்னால் பெரிதாக இதயம் வரைந்திருந்தால் யார் தேடப் போகிறார்கள்?

இதற்குப் பதிலாக இந்துப்பு வாங்கலாமா என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும், பலருக்கும் தோன்றுகிறது. இந்துப்பும் ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான். பிரஷருக்கு அதனால் லாபம் இல்லை, அயோடினும் பெரும்பாலும் இருக்காது. பிரஷர் குறைய உப்பின் பெயரை மாற்றிப் பயனில்லை, அளவைத்தான் குறைக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் என்பது உச்ச வரம்பு. நான்கு பேருக்கு மாதம் 600 கிராம் ஆகிறது. ஒரு கிலோ பாக்கெட் உங்கள் வீட்டில் 50 நாளாவது வர வேண்டும். அந்த 5 கிராமில் ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, பிஸ்கட் எல்லாவற்றிலும் இருப்பது அடக்கம் என்பதால், உண்மையில் அதற்கும் மேலேயே வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பழைய பில்லைப் பாருங்கள்.

6.2 என்பது தோல்வி இல்லை

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.1-க்கும் 6.2-க்கும் உள்ள வித்தியாசம் பரிசோதனைக்கூடத்தின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும். உங்கள் கணவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இறங்கவில்லை என்பதற்கான பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவருக்கு அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றுக்கும் கூட பிஸ்கட். "சுகர் இல்லாத பிஸ்கட் என்பதால் இப்போது தைரியமாக நாலைந்து எடுத்துக்கொள்கிறார்" என்று. கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறத்தாழ 10 கிராம். நாலு டீக்கு 40 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை எல்லாமாக 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எந்த சூப்பர் மார்க்கெட்டில் எதை வாங்கினாலும் இந்த நாலு டீயைச் சரிக்கட்ட முடியாது. டீயை நிறுத்தச் சொல்லிச் சண்டை வேண்டாம். இரண்டாக்கி, சர்க்கரையை அரை ஸ்பூனுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

இன்னொன்று: இந்த நிலையில் இருப்பவர்களை வைத்து இங்கேயே ஆய்வு நடந்திருக்கிறது. 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. ஆலிவ் எண்ணெயோ கினுவாவோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சோற்றின் அளவும் சர்க்கரையும் எண்ணெயும் குறைந்தன, நடை கூடியது.

பாக்கெட்டைத் திருப்புங்கள்

நீங்கள் படித்ததெல்லாம் பாக்கெட்டின் முன்பக்கம். அது விளம்பரம். சட்டம் கட்டாயப்படுத்தி எழுத வைத்தது பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியவை அதிகமில்லை.

உட்பொருள் பட்டியலை எடையின் இறங்கு வரிசையில்தான் எழுத வேண்டும். எது அதிகமோ அது முதலில். உங்கள் மல்டிகிரெயின் பிஸ்கட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் 'ரிஃபைன்டு வீட் ஃப்ளோர்' என்று இருக்கும். வேறொன்றுமில்லை, மைதா. அடுத்து எண்ணெய், அதற்குப் பக்கத்திலேயே சர்க்கரை. அந்த எண்ணெய் எது என்று பார்த்தால் பல பிஸ்கட்டில் பாமாயில். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைத்த பாமாயிலைக் கொடுத்துவிட்டு, அதையே பிஸ்கட்டுக்குள் பல மடங்கு விலைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். கேலி செய்யவில்லை, என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான்.

முன்பக்கத்தில் ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டினால், அது எத்தனை சதவீதம் என்பதையும் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சிறுதானிய நூடுல்ஸில் கேழ்வரகுக் கதிர் படம் இருந்தால், பட்டியலில் கேழ்வரகுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன எண் என்று பாருங்கள். ஒற்றை இலக்கம் என்றால் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். பிரவுன் பிரெட்டிலும் இதே போல முதலில் முழுக்கோதுமையா மைதாவா என்று பாருங்கள். 150-இல் தொடங்கும் எண் (150ஏ, 150டி) இருந்தால் அது கேரமல் நிறம். பழுப்பு அங்கேயிருந்தும் வந்திருக்கலாம்.

சத்து அட்டவணையில் 'ஒரு பரிமாறல்' என்ற கட்டத்தை விட்டுவிட்டு 100 கிராமுக்கு உள்ளதைப் பாருங்கள். பரிமாறல் அளவு பெரும்பாலும் இரண்டு பிஸ்கட், கால் பாக்கெட் என்று இருக்கும்; அப்படி யார் சாப்பிடுகிறார்கள்? சோடியம் மில்லிகிராமில் இருக்கும். 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. மசாலா ஓட்ஸ், நூடுல்ஸ் இரண்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அத்தைக்கு அதை ஏன் தர வேண்டாம் என்று நான் சொல்லவே தேவையிருக்காது. நார்ச்சத்து 100 கிராமில் 6 கிராமுக்கு மேல் இருந்தால்தான் 'அதிகம்' என்று எழுதலாம்.

இதையெல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதினால் போதும் என்கிறது சட்டம். தமிழ் கட்டாயமில்லை. உங்களால் படிக்க முடிகிறது. உங்கள் அத்தை போன்றவர்கள் தங்கள் உடம்புக்குள் போவதைப் படிக்கவே முடியாத நிலை. இதைப் பற்றி இங்கே யாரும் பெரிதாகச் சத்தம் போடாதது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தேன், நாட்டுச் சர்க்கரை, பழச்சாறு, மால்ட்

இவற்றை நீளமாகப் பேச வேண்டியதில்லை. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான். அவற்றிலுள்ள இரும்புச்சத்தை நம்பிச் சாப்பிட்டால், அதற்குள் சர்க்கரை அளவு எங்கோ போய்விடும். தேனும் அப்படியே. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு அதே அளவுக்கு இவற்றைப் போட்டால் கணவரின் ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. வெள்ளை, நாட்டு, தேன் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு மாதம் ஒன்றரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறத்தில் வாங்குவது என்பது உங்கள் விருப்பம்.

அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரித்த பழச்சாற்றை '100 சதவீதப் பழச்சாறு' என்று விற்கக் கூடாது என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய வணிக நிறுவனங்களிடம் சொல்லியிருந்தது. உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. உங்கள் மகனுக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு முட்டையும் ஒரு கொய்யாப் பழமும் போதும். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5, நீலத்தில் 3. நான்கு பேருக்கும் நீலமே சரி.

ஸ்கூல் டப்பாவுக்கு கடலை உருண்டை, வேகவைத்த கடலை, பொட்டுக்கடலை, சுண்டல் என்று மாற்றி மாற்றி வையுங்கள். வெள்ளிக்கிழமை அவன் கேட்கும் சிப்ஸ் ஒரு பாக்கெட்டைக் கொடுத்துவிடுங்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு முற்றிலும் தடை போட்டால் அடுத்தவன் டப்பாவில்தான் கை வைப்பான்.

அப்படியானால் கூடையில் என்ன?

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வரலாம். பணக்காரர்களுக்கு மட்டுமா? இல்லை. செலவு ஏறியதற்குக் காரணம், பழைய சாமானை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் புதியதைச் சேர்த்ததுதான். அரிசி குறையவில்லை, எண்ணெய் குறையவில்லை. கூடவே பிஸ்கட்டும் பிரெட்டும் பானமும் வந்து உட்கார்ந்தன.

கினுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரை கிலோவுக்கு 300 ரூபாய் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 100 கிராம் கினுவாவில் புரதம் சுமார் 13 கிராம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி பச்சைப்பயறில் 22 கிராமுக்கு மேல், நிலக்கடலையில் 23 கிராமுக்கு மேல். நார்ச்சத்திலும் அப்படித்தான்: பாலிஷ் போட்ட பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை, கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம் அளவுக்கு, பச்சைப்பயறில் 17, கருப்புக் கொண்டைக்கடலையில் 25 வரை. இவை எல்லாம் நீங்கள் விட்டுவந்த தெருமுனை மளிகைக் கடையில் சாக்கில் இருக்கின்றன. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுதானியம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியதிலிருந்து, கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை பரவிவிட்டது. மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் எந்தத் தானியமும் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். கணவருக்குக் கஞ்சியை விட, கம்பு அல்லது தினையைச் சோறாக வடித்து, அளவாக, நிறையக் காயோடு கொடுப்பது மேல். அரிசியையே விட வேண்டும் என்பதில்லை. மதியம் மூன்று கரண்டி சோறு என்றால் ஒன்றரையாக்கி, அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் கெட்டிப் பருப்பும் வரட்டும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும் இல்லாமல் காய் போட்ட சாம்பார்.

எண்ணெய்க்கு ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு 2 லிட்டர். நீங்கள் எழுதியபடி இப்போது கடலெண்ணெய் 3 லிட்டர், நல்லெண்ணெய் 1, ஆலிவ் 1. எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் இந்த 5 லிட்டரைப் பேச வேண்டும். கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் நம் சமையலுக்குப் போதும். நீங்கள் வாங்கிய ஆலிவ் பாட்டிலில் 'பொமேஸ்' என்று எழுதியிருக்கிறது என்கிறீர்கள்; பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய் அது. ஆலிவைப் பற்றி நீங்கள் படித்த நல்லதெல்லாம் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்ற முதல் பிழிவைப் பற்றியது. தாளிப்பதற்கு இரண்டுமே தேவையில்லை. ரேஷன் பாமாயிலில் உறையும் கொழுப்பு கடலெண்ணெயை விட இரட்டிப்பு அளவு, ஆகவே தினச் சமையலுக்கு அதை ஒதுக்கியது சரிதான். கொடுத்துவிடுகிறீர்களே, அந்த அம்மாவின் வீட்டிலும் இதயம் இருக்கிறது என்பதை மட்டும் யோசியுங்கள். வேண்டாமென்றால் வாங்காமலே இருக்கலாம்.

மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்றால், காய்கறிக்கு. காயும் பழமும் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும், உருளைக்கிழங்கைக் கணக்கில் சேர்க்காமல். நான்கு பேருக்கு வாரம் 11 கிலோ. வாரம் 250 ரூபாயில் அது வராது. உங்கள் ஊர் சம்பத் நகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் கீரை, அவரை, சுரைக்காய், முருங்கை எல்லாம் அன்றைக்குப் பறித்ததாகக் கிடைக்கும். சந்தைக்குப் போக முடியாத வாரம் தள்ளுவண்டி. நீங்கள் வேலைக்குப் போகிறவர், கீரை ஆய எங்கே நேரம் என்பீர்கள். அந்த வேலை உங்களுடையது மட்டும் என்று யார் சொன்னது? "சாப்பாட்டை மாற்றுங்கள்" என்று டாக்டர் சொன்னது உங்கள் கணவரிடம். இரவு டி.வி. முன்னால் உட்கார்ந்து அவர் கீரை ஆயலாம்.

அத்தைக்கு மட்டும் ஒரு மாற்றம்: அவருடைய பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியும் வரை இளநீர், வாழைத்தண்டுச் சாறு, கீரைச் சாறு என்று எதையும் 'கிட்னிக்கு நல்லது' என்று கொடுக்க வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இளநீர் ஆபத்தாகவே முடியலாம். பருப்பு, பழம், கீரை எவ்வளவு என்பதை ரிப்போர்ட்டைப் பார்த்து அவருடைய டாக்டரோ அங்குள்ள உணவியல் ஆலோசகரோ சொல்லட்டும்.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகவே கூடாது என்றில்லை. பருப்பு, பயறு, சாதா ஓட்ஸ் அங்கே மலிவாகவும் கிடைக்கலாம். ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதை இப்போது பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும், எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் இருக்கும். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' பலகையை விட அந்தப் பொடி எண் நம்பகமானது. பையனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பசியோடும் போகாதீர்கள்.

புகார் செய்யலாமா?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த வகைக் கேள்வி அடிக்கடி வருவதால் அடிப்படை தெரியும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது, சர்க்கரையையோ அதன் வேலையைச் செய்யும் சிரப், ஜாம் போன்றவற்றையோ சேர்க்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. 'சர்க்கரையை ஏற்றாது' என்று சொல்லவில்லை. மைதா வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாகத்தான் மாறும். ஆகவே அந்த பிஸ்கட் பட்டியலில் சர்க்கரையோ 'லிக்விட் குளுக்கோஸ்', 'இன்வர்ட் சிரப்' போன்றவையோ இல்லை என்றால் உங்கள் புகார் நிற்காது. இருந்தால் நிற்கும். உணவைப் பற்றித் தவறாக விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாக்கெட்டின் இரு பக்கத்தையும் படம் எடுத்து, அதிலுள்ள 14 இலக்க உரிம எண்ணோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம்.

கடையைப் பொறுத்தவரை, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். காலாவதியானது, வண்டு விழுந்தது, உறை கிழிந்தது என்றால் தயங்காமல் கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள பொருளை, மனம் மாறியதால் திரும்பக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. உங்கள் விஷயம் இரண்டாவது ரகம். அதில் கடைக்காரர் மீது எனக்குக் குற்றம் தெரியவில்லை. இதற்காக நுகர்வோர் ஆணையத்துக்கு அலைந்தால் உங்களுக்கு லீவுதான் வீணாகும்.

வீட்டில் மீந்திருக்கும் பாக்கெட்டுகளை என்ன செய்வது என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கினுவாவைக் காய் போட்டு உப்புமா கிண்டிவிடுங்கள். ஆலிவ் எண்ணெயையும் தாளித்தே தீர்த்துவிடலாம், இந்த மாத 2 லிட்டர் கணக்கில் சேர்த்துக்கொண்டு. மால்ட் பானத்தைத் தீரும் வரை பாலில் ஒரு ஸ்பூனுக்கு மேல் போடாதீர்கள், வேறு சர்க்கரை வேண்டாம். நூடுல்ஸை ஞாயிற்றுக்கிழமை, மசாலாப் பொட்டலத்தில் பாதியைப் போட்டு, இரண்டு மடங்கு காயோடு செய்யுங்கள். உப்பு பாக்கெட்டை மட்டும் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. கணவருக்கு மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். அத்தையின் பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.